காஹாங் காணாமல் போன திங்கட்கிழமை

சிவப்பாக இருந்திருந்தால் பிரேமலா பயந்திருக்க மாட்டாள். சிவப்பு அவளுக்குப் பழகிய நிறம். எங்கோ ஒரு காற்றாடி நின்றிருக்கும், இல்லாவிட்டால் ஏதோ ஒரு பண்ணையில் இணையம் அறுந்திருக்கும். ஒரு போன் போட்டால் விஷயம் தெரிந்துவிடும். அன்று காலை குளுவாங் நகரத்து அலுவலகத்தில் வந்து உட்கார்ந்து கண்காணிப்பு மென்பொருளைத் திறந்தாள். சிம்பாங் ரெங்கம் பண்ணை இருந்தது. பாலோ பண்ணை இருந்தது. தலைமை அலுவலகத்து சர்வர்கள் பச்சையாக வரிசை கட்டி நின்றன. காஹாங் மட்டும் இல்லை. அப்படியொரு பண்ணை இந்த உலகத்திலேயே இல்லாத மாதிரி, அது இருந்த இடத்தில் அடுத்த பண்ணையின் பெயர் ஏறி உட்கார்ந்திருந்தது.

வெளியேறி மறுபடி உள்ளே வந்தாள். கணினியை அணைத்துப் போட்டாள். காஹாங் வரவில்லை. அதற்கு மேல் அவளுக்கு யாரும் விளக்கம் சொல்ல வேண்டியதில்லை. அந்த மென்பொருளில் ஒரு பண்ணை ஒருவர் கண்ணுக்குத் தெரியாமல் போனால், அதைப் பார்க்கும் குழுவிலிருந்து அவரை யாரோ எடுத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். ஆட்களைக் குழுவில் சேர்ப்பதும் எடுப்பதும் அந்த நிறுவனத்தில் பிரேமலாவின் வேலை.

நிறுவனத்தின் தொழில் கோழி வளர்ப்பு. நாலு பக்கமும் அடைத்த நீண்ட கொட்டகைகள், ஒவ்வொன்றிலும் ஆயிரக்கணக்கில் கோழிகள். பெரிய காற்றாடிகள் ஓடிக்கொண்டே இருந்தால்தான் அவற்றுக்கு உயிர். உச்சி வெயிலில் காற்றாடி நின்றால் கொட்டகை அடுப்பாகிவிடும். அதனால் கொட்டகையின் சூடு, காற்றாடி, மின்சாரம், கேமரா, இணையம் என்று எல்லாவற்றுக்கும் சென்சார் வைத்து, குளுவாங்கில் ஒரே திரையில் பார்க்கிறார்கள். ஏதாவது கெட்டால் பண்ணையில் சைரன் அலறும், போனுக்குச் செய்தி போகும். யார் எந்தப் பண்ணையைப் பார்க்கலாம், யார் பார்ப்பதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும், யார் சைரனை அடக்கலாம், யார் சென்சாரையே நிறுத்தி வைக்கலாம் என்று பிரித்து அனுமதி கொடுக்கிறவள் பிரேமலா.

கொடுக்கிறவள் என்று பேச்சுக்குத்தான் சொல்வது. அவள் மறுத்ததுதான் அதிகம். பண்ணைக்காரர்கள் அவளுக்கு 'புவான் தாக் போலே' என்று பெயர் வைத்திருந்தார்கள். 'முடியாது அம்மா' என்று பொருள். அது அவள் காதுக்கும் வந்தது. கோபப்படவில்லை. உள்ளுக்குள் கொஞ்சம் பெருமைகூட.

அவள் பிறவியிலேயே சந்தேகக்காரி இல்லை. காஹாங் பக்கத்து எண்ணெய்ப்பனைத் தோட்டத்தில் வளர்ந்து, பள்ளியில் ஐந்தாம் படிவம் வரை முடித்து, செனாயில் ஒரு மின்னணுத் தொழிற்சாலைக்குப் போனாள். அங்கே அவசரத்துக்கு ஒருவர் பெயரில் இன்னொருவர் கணினிக்குள் போவது சர்வ சாதாரணம். ஒருநாள், கழித்துப் போட வேண்டிய மின்சுற்றுப் பலகைகள் அவள் பெயரில் 'சரி' என்று போய்ச் சேர்ந்துவிட்டன. பொத்தானை அழுத்தியது யார் என்று பக்கத்தில் நின்றவர்களுக்கெல்லாம் தெரியும். ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. கணினியில் இருந்தது அவள் பெயர். வேலை போனது அவளுக்கு. அதன் பிறகு, தன் பேரில் இன்னொருவர் நடமாடுவது என்று நினைத்தாலே அவளுக்கு உடம்பு கூசும். கடைகளில் வேலை பார்த்துக்கொண்டே கணினி டிப்ளோமா முடித்தாள். காஹாங் பண்ணையில் மேற்பார்வையாளராக இருந்த அண்ணன் கமலநாதன், குளுவாங் அலுவலகத்தில் ஆள் தேடுகிறார்கள் என்று சொல்லிவிட்டார். வந்து சேர்ந்தாள். இப்போது நாற்பதை நெருங்குகிறாள்.

பக்கத்து மேசையில் இர்ஃபான் இருந்தான். ரயில் நிலையத்துக்கு எதிரே சாப்பாட்டுக் கடை வைத்திருப்பவரின் மகன். மென்பொருளில் அவளுக்கு இணையான உரிமை உள்ள ஒரே ஆள். அவள் இல்லாத நாளில் வேலை நிற்கக் கூடாது என்று மேலிடம் சொன்னதால், அரை மனதோடு அவள் கொடுத்த உரிமை. போன வாரம் முழுக்க அவள் விடுப்பில் இருந்தாள். பத்து பகாட் என்ற ஊரில் நாத்தனார் மகளுக்குக் கல்யாணம்.

"இர்ஃபான், காஹாங் உனக்குத் தெரியுதா?"

கோப்பியை வாய்க்குக் கொண்டுபோனவன் அப்படியே கீழே வைத்தான்.

"தெரியுது கா."

"எனக்கு ஏன் தெரியல?"

"அது... பாஸ் வந்தோன கேளுங்க லா, கா." அவன் கண் திரையைவிட்டு நகரவில்லை. அந்த நேரம் பார்த்து அவன் போன் அடித்தது. எப்போதும் இடத்திலேயே உட்கார்ந்து பேசுகிறவன், எழுந்து நடைபாதைக்குப் போய், முதுகைக் காட்டிக்கொண்டு பேசினான்.

பிரேமலாவுக்கு அது போதும். போன மாதம் அவன் எதற்கோ ஒரு குழுவின் அனுமதிகளை இன்னொரு குழுவுக்கு எப்படி நகலெடுப்பது என்று கேட்டது ஞாபகம் வந்தது. அன்று சொல்லிக் கொடுத்தாள். இன்று அந்தக் கேள்விக்கு வேறு முகம் முளைத்தது. ஆட்குறைப்பு வரப்போகிறது என்று கணக்குப் பிரிவில் பேசிக்கொண்டார்கள். ஒரு வேலைக்கு இரண்டு பேர் எதற்கு என்று யாராவது கேட்டிருப்பார்கள். முதலில் காஹாங், நாளைக்குப் பாலோ, அப்புறம் சிம்பாங் ரெங்கம். ஒவ்வொரு கிளையாக வெட்டிக்கொண்டே வந்து, கடைசியில் அவளுக்கு வெறும் திரை. வெட்டும் வித்தையை அவளிடமே கற்றுக்கொண்டு.

அவளுக்கு ஒரு வழி தெரியும். எல்லாக் கணக்கும் முடங்கிப் போனால் அவசரத்துக்கு என்று ஒரு கணக்கு வைத்திருந்தார்கள். எல்லாப் பண்ணையும் அதற்குத் தெரியும். கடவுச்சொல் அவளுக்கு மனப்பாடம். அந்தக் கணக்கின் பெயரைத் தட்டினாள். கடவுச்சொல்லில் பாதி வரை போனாள். அப்புறம் கையை எடுத்தாள். அந்தக் கணக்கால் யார் உள்ளே நுழைந்தாலும் அந்த நொடியே மேனேஜர் ஓங்கின் போனுக்குச் செய்தி போகும். அப்படி அமைத்து வைத்தது அவள்தான்.

அண்ணனுக்குப் போன் போட்டாள்.

"அண்ணே, அங்க எல்லாம் ஓகேவா?"

"ஓகேதான். ஏன்?" பின்னால் யாரோ மலாயில் பேசுவது கேட்டது.

"சும்மா கேட்டேன். யாரு அங்க?"

"ஆபீஸ் ஆளுங்க வந்திருக்காங்க. அப்பறம் பேசுறேன், பிரேமா." போன் வைக்கப்பட்டது.

ஆபீஸ் ஆட்கள் காஹாங்குக்குப் போயிருக்கிறார்கள். ஆபீஸில் உட்கார்ந்திருக்கும் அவளுக்குத் தெரியவில்லை. அதுவரை இர்ஃபான் மேல் இருந்த சந்தேகம் அந்த இடத்தில் கிளை பிரிந்து அண்ணன் பக்கமும் போயிற்று. அவர் குரலை அவளுக்குத் தெரியும். அது பொய் சொல்லும்போது வரும் அவசரம்.

ஓங் வந்ததும் நேரே அவர் அறைக்குள் போனாள். அவர் மலாயும் ஆங்கிலமும் கலந்து பேசுகிறவர், சுற்றி வளைக்க மாட்டார். போன வாரம் காஹாங்கில் ஒரு கொட்டகையில் நண்பகலில் காற்றாடிகள் நின்றுவிட்டன என்றார். சைரன் அடிக்கவில்லை. யாருக்கும் செய்தி போகவில்லை. சென்சார் நிறுத்தி வைக்கப்பட்டிருந்தது. ஆட்கள் சாப்பிட்டுவிட்டு வந்து கதவைத் திறந்தபோது கொட்டகையில் பாதிக் கோழிகள் செத்துக் கிடந்தன.

"நிறுத்தினது யாரு?" என்று கேட்டாள். அவள் குரல் அவளுக்கே சின்னதாகக் கேட்டது.

காற்றாடி பழுதுபார்க்க வெளியிலிருந்து வரும் காளிதாஸின் கணக்கு என்றார் ஓங். ஆனால் அழுத்தியது பண்ணையின் சொந்தக் கணினியிலிருந்து. அந்தப் பண்ணைக்கு மேற்பார்வையாளர் உன் அண்ணன். காளிதாஸுக்குக் கணக்கு திறந்து கொடுத்தது நீ. விசாரணை முடியும்வரை நீ காஹாங்கைப் பார்க்க வேண்டாம்.

"உன்மேல் எனக்குச் சந்தேகம் இல்லை, பிரேமலா. இது முறைக்காக."

அந்த வாக்கியத்தை அவள் எத்தனை பேரிடம் சொல்லியிருப்பாள்! உங்கமேல சந்தேகம் இல்ல, ரூல்ஸ் அப்படி என்று. கேட்கிறவர் முகம் ஏன் அப்படிச் சுருங்குகிறது என்று அவளுக்கு அன்றுதான் புரிந்தது. "சரி பாஸ்" என்று சொல்லிவிட்டு வந்து, நாள் முழுக்க சிம்பாங் ரெங்கத்தையும் பாலோவையும் வெறித்துக்கொண்டிருந்தாள்.

வேலை முடிந்ததும் காரைக் காஹாங் பக்கம் திருப்பினாள். பார்க்காதே என்று ஓங் சொன்னது திரையிலா, நேரிலுமா? பண்ணைக்குள் கால் வைக்கப்போவதில்லை, அண்ணன் வீட்டுக்குத்தானே என்று தனக்கே சமாதானம் சொல்லிக்கொண்டாள். பனங்குலை ஏற்றிய லாரிகளுக்குப் பின்னால் மெதுவாக ஊர்ந்துகொண்டே, அண்ணன் சொன்னது, சொல்லாதது எல்லாவற்றையும் புரட்டிப் பார்த்தாள். சில மாதங்களுக்கு முன் அவர் ஒன்று கேட்டிருந்தார்: சைரனை அடக்குகிற அனுமதியைப் பண்ணைக்குக் கொடு என்று. மறுத்துவிட்டாள். அடக்கத் தெரிந்தவன் எல்லாவற்றையும் அடக்குவான் என்பது அவள் எண்ணம். அண்ணன் என்பதற்காக விட்டுக்கொடுத்தாள் என்று நாளைக்கு ஒருவர் சொல்லக் கூடாது என்பதும் உண்டு. அதன் பிறகு அவர் கேட்கவே இல்லை. ஏன் கேட்கவில்லை?

அண்ணி சாந்தினி கதவைத் திறந்தார். "வா பிரேமா, என்னா திடீர்னு?" என்று கேட்டாலும் அந்த முகத்தில் ஆச்சரியம் இல்லை. கமலநாதன் டிவி முன்னால் உட்கார்ந்திருந்தார். ஷேவ் பண்ணி நாளாகியிருந்தது.

"ஏண்ணே என்கிட்ட சொல்லல?"

"என்னத்த?"

"நடிக்காதீங்க. கோழி செத்தத பாஸ் சொல்லிட்டாரு."

"நீ கல்யாண வீட்டுல இருந்த. அங்க போன் பண்ணி இத சொல்லவா?" டிவியின் சத்தத்தைக் குறைத்தார். "காளிதாஸ் வந்தாரு, பெல்ட் மாத்தினாரு, சென்சார நிறுத்திட்டு மறுபடி போட மறந்துட்டாரு. அதான் நடந்துச்சு. ஆபீஸ் ஆளுங்ககிட்டயும் அதான் சொன்னேன்."

ஒரு தடங்கலும் இல்லாமல் வந்தது. பள்ளிக்கூடத்தில் ஒப்பிப்பது மாதிரி. பிரேமலா அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு, "அன்னிக்கு காளிதாஸ் சிம்பாங் ரெங்கத்துலதான இருந்தாரு?" என்றாள்.

அது அவளுக்குத் தெரியாது. தூண்டில் போட்டுப் பார்த்தாள்.

கமலநாதன் நிமிர்ந்தார். "யாரு சொன்னா? அவரே சொல்லிட்டாரா?"

அண்ணிதான் குறுக்கே வந்தார். "சொல்லிருங்க லா. கூடப் பொறந்தவகிட்டயே மறைச்சா எப்படி?"

கமலநாதன் போனை எடுத்து, ஒரு வீடியோவைத் தேடி, தங்கை கையில் கொடுத்தார். கொட்டகையின் உள்புறம். வெள்ளை வெள்ளையாகக் கோழிகள் அமைதியாக மேய்ந்துகொண்டிருந்தன. திடீரென்று சைரன் அலறியது. அத்தனை கோழியும் ஒரே மூலையை நோக்கி ஓடின. ஒன்றன்மேல் ஒன்று ஏறின. மேலே ஏறியது நசுக்க, அடியில் இருந்தது துடிக்க, சைரன் நிற்கவே இல்லை. ஒரு தொழிலாளி ஓடி வந்து இரண்டு கையாலும் குவியலைப் பிரித்துப் பிரித்துப் போட்டார். அடியிலிருந்து எடுத்தவை தலை தொங்கின.

"இது நான் உன்கிட்ட பர்மிஷன் கேட்ட சமயம் எடுத்தது. அன்னிக்கு சூடு கொஞ்சூண்டுதான் ஏறுச்சு. காத்தாடி எல்லாம் ஓடுது, ஒன்னும் இல்ல. ஆனா சைரன் நிக்காது. குளுவாங்குக்குப் போன் பண்ணி, நீங்க பாத்து, நிறுத்துறதுக்குள்ள இங்க இப்படி." அவர் குரல் உயர்ந்தது. "நீ திரையில சிவப்பு புள்ளிய பாக்குற, பிரேமா. நான் இத பாக்குறேன். கேட்டேனா இல்லயா உன்கிட்ட?"

"இந்த வீடியோவ ஏன் அப்ப காட்டல?"

"காட்டினா மட்டும்? தாக் போலேன்னுதான சொல்லிருப்ப."

சொல்லியிருப்பாள்தான்.

மீதியை அவர் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். காற்றாடி பார்க்க வந்த காளிதாஸ் இந்தக் கூத்தைக் கண்ணால் பார்த்தார். பாவப்பட்டு, தன் கடவுச்சொல்லைக் கொடுத்துவிட்டுப் போனார். காளிதாஸின் கணக்குக்குச் சைரனை மட்டும் அடக்கும் பொத்தான் கிடையாது. சென்சாரை முழுதாக நிறுத்தலாம், வேலை முடிந்து மறுபடி போடலாம், அவ்வளவுதான். சைரன் அடித்தால் நிறுத்துவார்கள். சூடு இறங்கினால் போடுவார்கள். நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. ஒருநாள் போட மறந்தார்கள்.

"மறந்தது யாரு?"

"தெரியாது."

"அண்ணே."

"சத்தியமா தெரியாது மா. நாலு பேருக்கு அந்த பாஸ்வேர்டு தெரியும். எனக்கும் தெரியும். நானாவே இருக்கலாம்."

அவர் யாரையாவது காப்பாற்றுகிறாரா, தன்னையே மறைக்கிறாரா, இல்லை உண்மையிலேயே தெரியாதா என்று பிரேமலா அந்த முகத்தில் தேடினாள். கிடைக்கவில்லை. நாலு பேர் ஒரு பேரில் நடந்தால் கடைசியில் எவருக்கும் முகம் இருக்காது. இது அவளுக்குப் புதிதில்லை.

"காளிதாஸ் இப்ப எங்க?"

"அவரு கம்பெனி வேலைக்கு வர வேணாம்னு சொல்லிருச்சாம்."

"நீங்க சொன்ன பொய்யால."

"அவரு வெளியாளு. வேற எடத்துல வேல கெடைச்சிரும். எனக்கு இந்த வயசுல யாரு கொடுப்பா?"

பிரேமலா எழுந்தாள். "நாளைக்கு காலையில நீங்களே வந்து பாஸ்கிட்ட சொல்லுங்க. நீங்க சொல்லலன்னா நான் சொல்லுவேன்."

"சொந்த அண்ணன..."

"ஆமா."

அண்ணி வாசல் வரை வந்தார். சாப்பிட்டுப் போ என்று சொல்லவில்லை.

மறுநாள் அலுவலகத்தில் பிரேமலாவுக்கு வேலை ஓடவில்லை. வரமாட்டார் என்றே தோன்றியது. வந்தாலும் வேறு ஒரு கதையோடு வருவார். பழியை அவள் மேலேயே திருப்பிவிடுவார். அனுமதி கொடுக்காதது அவள்தானே. காளிதாஸோடு பேசி ஒப்பந்தம் பண்ணிக்கொள்ளவும் கூடும். ஒரு சந்தேகத்தை அடக்கினால் இன்னொன்று முளைத்தது.

இர்ஃபான் நாற்காலியை இழுத்துக்கொண்டு பக்கத்தில் வந்தான்.

"கா, உங்கள காஹாங் குரூப்புலேருந்து எடுத்தது நான்தான். பாஸ் சொன்னாரு. யாருகிட்டயும் பேசக்கூடாதுன்னும் சொன்னாரு. நேத்து போன்லயும் அவருதான், ஏர்போர்ட்டு ரோட்டுல வந்துகிட்டே கேக்குறாரு, அவளுக்குத் தெரிஞ்சிருச்சான்னு. உங்க மூஞ்ச பாக்கவே முடியல."

"நீ என் எடத்த பிடிக்கப் பாக்குறன்னு நெனச்சேன்."

"அலமாக்!" என்று அதிர்ந்தான் அவன். சிரிக்கப் பார்த்தான், வரவில்லை. "நெஜமாவா கா?"

"நெஜமாதான்."

அவன் முகத்தில் அடிபட்டது தெரிந்தது. மன்னிப்பு என்று ஏதாவது சொல்லலாம் என்று அவள் வார்த்தை தேடிக்கொண்டிருந்தபோதே கண்ணாடிக் கதவு திறந்தது. கமலநாதன் உள்ளே வந்தார். ஷேவ் பண்ணி, தைப்பூசத்துக்குப் போடுகிற சட்டையைப் போட்டிருந்தார். தங்கையைப் பார்க்காமல் நேரே ஓங்கின் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். என்ன பேசினார்கள் என்று வெளியில் கேட்கவில்லை. திரும்பி வரும்போதும் அவர் அவள் பக்கம் திரும்பவில்லை.

அவர் முழுதையும் சொல்லியிருந்தார். நானாவே இருக்கலாம் என்பதையும் சேர்த்து. ஓங் அவரை வேலையை விட்டுத் தூக்கவில்லை. மேற்பார்வையாளர் பதவியை எடுத்துவிட்டு சிம்பாங் ரெங்கத்துக்கு மாற்றினார். காளிதாஸை அவர் நிறுவனம் ஒரு எச்சரிக்கையோடு திரும்பச் சேர்த்துக்கொண்டது. பழைய கணக்கை மூடி, பழுதுபார்க்க வரும் நாளில் மட்டும் திறக்கும் புதிய கணக்கைப் பிரேமலா அவருக்குக் கொடுத்தாள். அவர் வாங்கிக்கொண்டு, "கோழி சாவுறத பாக்க முடியாமதான் கா கொடுத்தேன். கொடுத்தது என் பேருன்னு யோசிக்கல" என்றார். அவள் தலையாட்டினாள்.

அந்த வாரமே ஓங்கிடம் போய், பண்ணை ஆட்களுக்கு என்று ஒரு புதிய அனுமதி வேண்டும் என்றாள். ஒவ்வொருவருக்கும் அவரவர் பெயரில் கணக்கு. சைரனைச் சிறிது நேரத்துக்கு அடக்கலாம், அது தானாகத் திரும்ப வரும். சென்சாரை நிறுத்த முடியாது. நீயா இதைக் கேட்கிறாய் என்று ஓங் கண்ணாடியைக் கழற்றிப் பார்த்தார். முன்பே கேட்டிருக்க வேண்டும் பாஸ் என்று சொல்லிவிட்டு, அவர் மேற்கொண்டு ஏதாவது கேட்பதற்குள் வெளியே வந்துவிட்டாள்.

காஹாங் அவள் திரைக்குத் திரும்பியது. ஆனால் அண்ணன் இப்போது வேலை செய்யும் சிம்பாங் ரெங்கம் பண்ணையில் யாருக்கு என்ன அனுமதி என்று தீர்மானிக்கும் உரிமையை ஓங் இர்ஃபானிடம் மட்டும் கொடுத்தார். சரியான முடிவுதான். அவர் இடத்தில் அவள் இருந்திருந்தாலும் அதைத்தான் செய்திருப்பாள். அது தெரிந்திருந்ததால்தான் கூடுதலாக வலித்தது.

தீபாவளிக்கு அண்ணி மட்டும் வந்தார். அண்ணனுக்கு உடம்பு சரியில்லை என்றார். பிரேமலா நம்பவில்லை; கேட்கவும் இல்லை. தட்டில் பலகாரத்தை நிறைத்து அண்ணன் வீட்டுக்கென்று கட்டிக் கொடுத்தாள்.

அதற்குப் பின் வந்த வெயில் காலத்தில் ஒரு நண்பகல், காஹாங்கில் ஒரு கொட்டகை சிவந்தது. பிரேமலா போனை எடுக்காமல் பொறுத்துப் பார்த்தாள். சற்று நேரத்தில் சைரன் அடக்கப்பட்டது. பக்கத்தில் பெயர் வந்தது, லோகேஸ்வரன். புதிய மேற்பார்வையாளர். சூடு மெல்ல இறங்கி, கொட்டகை பச்சையானது. எல்லாம் முறைப்படி நடந்திருந்தது. ஆனாலும் போன் போட்டாள்.

"லோகேஸ்வரன், காத்தாடி ஓடுதா?"

"ஓடுது கா. ஒன்னு நின்னுச்சு, போட்டாச்சு. கோழிங்க நல்லாருக்கு."

"சரி" என்று போனை வைத்தாள். பிறகு கேமராவைத் திறந்து, காற்றாடிகள் சுற்றுவதைத் தானும் ஒரு முறை பார்த்துவிட்டுச் சாப்பிடப் போனாள்.